துடைப்பம் இல்லாத சிலை

மே நாள்தோறும் மெரினாவில் உழைப்பாளர் சிலை முன்னால் நின்று முழக்கமிட்டிருக்கிறேன். தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து, 1959இல் நிறுவப்பட்ட சிலை. நான்கு பேர் பாறையை நெம்புகிறார்கள். நான்கு பேரும் ஆண்கள். அது என் கண்ணில் பட்டதே இல்லை. ஒருமுறை என்னோடு வந்த அம்மாதான் கேட்டார்: "ஏம்ப்பா, பொம்பளைங்க யாரும் வேலை செய்யலியா?"

அம்மா ஒரு ரயில் நிலையத்தில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. 18 வருடம், ரயில்பெட்டிக் கழிப்பறையிலிருந்து தண்டவாளத்தில் விழுந்ததைக் கூட்டி அள்ளினார். கூட வேலை செய்த பெண்கள் எல்லோரும் எங்கள் காலனிக்காரர்கள். ஒப்பந்தக்காரர்கள் மாறினார்கள், அள்ளுகிற சாதி மாறவில்லை. ஓய்வூதியம் இல்லை. வேலை செய்ததற்கு அடையாள அட்டைகூட மிஞ்சவில்லை.

பெயர் மிஞ்சுவதிலும் சாதியும் வர்க்கமும் உண்டு. மும்பை – புனே வழியில் போர் காட் மலைப்பாதை 1863இல் திறக்கப்பட்டது. ஒப்பந்தக்காரர் சாலமன் ட்ரெட்வெல் 1859இல் இறந்ததும் அவர் மனைவி ஆலிஸ் ஒப்பந்தத்தை ஏற்று நடத்தினார். ஆலிஸின் பெயர் வரலாற்றில் இருக்கிறது, இருக்கட்டும். அதே மலையில் கூடையில் மண் சுமந்த பெண்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா?

மலம் அள்ளும் வேலைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் ரயில் தண்டவாளத்தையும் சேர்த்தே சொல்கிறது. ஆனால் அதிலேயே ஒரு ஓட்டை: அரசு அறிவித்த கருவியும் பாதுகாப்பு உடையும் கொடுத்துவிட்டால், அந்த வேலையைச் செய்பவர் 'மலம் அள்ளுபவர்' ஆகமாட்டார். 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், இதைக் காலவரம்புக்குள் ஒழிக்கும்படி ரயில்வேக்குச் சொன்னது. பிறகு பயோ கழிப்பறைகள் வந்தன. அதுவரை அள்ளிய கைகளுக்கு யார் கணக்குச் சொன்னார்கள்?

"ரயில்வே பெண்களுக்கு ஒரு சிலை கேட்கலாம்மா" என்றேன். அம்மா சிரிக்கவில்லை.

"வெய்யி. ஆனா கையில தொடப்பத்தக் குடுத்துடாத. செத்தப்புறமும் கூட்டிக்கிட்டே நிக்கணுமா?"

நம் ஊர்களில் அம்பேத்கர் ஏன் கோட்டு போட்டு, கையில் புத்தகத்தோடு நிற்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. சுமத்தப்பட்ட வேலையைப் புனிதமாக்கி வணங்குவது மரியாதை இல்லை. அது இன்னொரு விலங்கு.

"வேற எப்படி வைக்கலாம்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஜன்னலோரமா உக்காந்து எங்கனா போற மாதிரி."

தோழர்களே, சிலை வருகிறபோது வரட்டும். உங்கள் ஊர் ரயில் நிலையத்தில் இன்று துடைப்பம் பிடித்திருப்பவரிடம் போய்ப் பேசுங்கள். எந்த ஒப்பந்தக்காரர், என்ன கூலி, வருங்கால வைப்புநிதி பிடிக்கிறார்களா என்று கேளுங்கள். எழுதி வையுங்கள். பீடத்தில் பொறிக்கப் பெயர்கள் வேண்டுமே.