ஆறு பாடமும் அதன்மேல் ஏற்றிய பாரமும்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் மே திங்களில் நம் சமுதாயத்து இல்லங்கள் பலவற்றிலும் ஒரே வினா ஒலிக்கக் கேட்கிறோம். "பிள்ளை எந்தக் குரூப் எடுக்கப் போகிறது?" என்பதே அது. மதிப்பெண் மிகுதியாகப் பெற்ற பிள்ளையாயின் விடையும் உடன் வந்துவிடும்: "முதல் குரூப்தான், வேறென்ன?" கணிதமும் உயிரியலும் ஒருங்கே அமைந்த பிரிவே அறிவுடைமையின் அடையாளம் என்றும், மற்றெதுவும் பிள்ளையின் தகுதிக்கு இழுக்கு என்றும் கருதும் மனப்பான்மை நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஒரு மாணவர் எத்தனை கடினமான பாடங்களைச் சுமக்கலாம் என்பது குறித்து, ஆசிரியன் என்ற முறையிலும் ஒரு குடும்பத்தின் மூத்தவன் என்ற முறையிலும் என் உள்ளத்தில் எழுந்த எண்ணங்களை இம்மலரின் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

1978ஆம் ஆண்டில் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி தோன்றியபோது, கல்லூரிகளில் ஓராண்டு நடைபெற்றுவந்த புகுமுக வகுப்பு மறைந்து, பள்ளிகளில் ஈராண்டுப் படிப்பாக மலர்ந்தது. மொழிப்பாடம் இரண்டு, சிறப்புப் பாடம் நான்கு, ஆக ஆறு. பாடத்திற்கு 200 வீதம் 1200 என்றிருந்த மொத்த மதிப்பெண், 2018ஆம் ஆண்டு மார்ச்சில் முதன்முறையாக நடந்த பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்விலிருந்து 600 ஆயிற்று. மதிப்பெண் குறைந்ததேயன்றிப் பாடம் குறையவில்லை. இதற்கிடையே 1984இல் வந்த தொழிற்கல்வி நுழைவுத் தேர்வு 2007இல் நீங்கியது. 2017இல் மருத்துவத்திற்கு நீட் வந்தது.

ஈண்டு ஒரு கணக்கைப் பெற்றோர் கருத்தூன்றி நோக்க வேண்டும். நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கும், 180 இயற்பியலுக்கும், 180 வேதியியலுக்கும் உரியவை. கணிதத்திற்கு அங்கே இடமில்லை. பொறியியல் கலந்தாய்வுக்குரிய 200 மதிப்பெண்ணில் கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. உயிரியலுக்கு அங்கே இடமில்லை. எனவே இரண்டையும் ஏற்கும் மாணவர், எவ்வழி சென்றாலும் ஒரு பெரும் பாடத்தின் உழைப்பை வாயிலிலேயே இறக்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். அதனால் அவ்வுழைப்பு வீண் என்று யான் கூறவில்லை. பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் நூலைத் திறந்தால் தொடக்க இயல்களிலேயே நுண்கணிதம் எதிர்ப்படுகிறது. கணிதமின்றி உயிரியல் பிரிவில் சேர்ந்த பிள்ளைகள் அங்கே திகைத்து நிற்பதை இயற்பியல் ஆசிரியர்கள் நன்கறிவர். இரண்டு வாயில்களையும் திறந்து வைத்திருப்பதற்கு ஒரு பயன் உண்டு. அதற்கு ஒரு விலையும் உண்டு என்பதைத்தான் நாம் எண்ணுவதில்லை.

இவ்வினா நமக்கு மட்டும் உரியதன்று. இலங்கையில் உயர்தரத் தேர்வுக்குரிய நான்கு பாடங்களை 2000ஆம் ஆண்டில் மூன்றாகக் குறைத்தனர். அமெரிக்க நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் 'அட்வான்ஸ்டு பிளேஸ்மெண்ட்' எனப்படும் கல்லூரித் தரப் பாடங்கள் உள்ளன. எத்தனை எடுப்பது என்பதை மாணவரே முடிவு செய்யலாம். முடிவைத் தம்மிடம் விட்டுவிட்டதனாலேயே அங்குள்ள குடும்பங்கள் படும் கவலை பெரிது. நமக்கோ அரசு ஆறு என்று வரையறுத்துவிட்டது. ஆனால் அந்த ஆற்றின்மேல் நாம் ஏற்றுவது எத்தனை?

என் தங்கை மகள் பத்தாம் வகுப்பில் நன்மதிப்பெண் பெற்றாள். மச்சான் பதினான்கு ஆண்டுகளாக வளைகுடா நாட்டில் உழைப்பவர். மகளை மருத்துவராகக் காண வேண்டும் என்பதே அவ்வுழைப்பின் பொருள் என்று சொல்லக்கூடியவர். ஊருக்கு அருகிலுள்ள ஒரு தனியார் பள்ளி, கணிதம் உயிரியல் இரண்டும் அடங்கிய பிரிவோடு நீட் பயிற்சியும், ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுப் பயிற்சியும் சேர்த்துத் தருவதாகக் கூறியது. அவளுடைய ராத்தாவின் மாமியார், அதாவது என் தங்கையின் சம்பந்தியம்மாள், வார இறுதியில் நடைபெறும் ஆலிமா வகுப்பில் அவள் ஏற்கெனவே இரண்டாண்டுகள் ஓதியிருப்பதை நினைவூட்டி, அதை விட்டுவிடலாகாது என்றார். என் தங்கை எதுவும் கூறவில்லை. "அண்ணன் சொன்னால் சரி" என்று மட்டும் சொன்னாள்.

நான் அறிவுரை கூறவில்லை. ஒரு தாளும் எழுதுகோலும் கொண்டுவரச் சொன்னேன். சுப்ஹுத் தொழுகைக்கு ஐந்தரை மணிக்கு எழுவது முதல் இரவு பத்து மணிக்கு உறங்குவது வரை பதினாறரை மணி நேரம். பள்ளிப் பேருந்து காலை ஏழரைக்கு. பள்ளி மாலை நான்கு மணி வரை. பயிற்சி நான்கரை முதல் ஏழரை வரை. வீடு திரும்ப எட்டேகால். அதன்பின் தொழுகை, உணவு, மறுநாளைக்குரிய வீட்டுப்பாடம். காலையில் குளித்து, உண்டு, புறப்படுவதற்குப் போக எஞ்சுவதையும் கூட்டிப் பார்த்தோம். தானே அமர்ந்து, தானே சிந்தித்து, ஒரு கணக்கைத் தானே போட்டுப் பார்ப்பதற்கு ஒரு நாளில் அவளுக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமையும் பயிற்சிக்கே உரியது. ஆலிமா வகுப்புக்கு இடமே இல்லை.

பிறர் கற்பிப்பதைக் கேட்க ஒன்பது மணி நேரத்திற்கு மேல். கேட்டதைத் தனதாக்கிக்கொள்ள ஒன்றரை மணி நேரம். இவ்விகிதத்தில் வளர்ந்த மாணவர்கள் கல்லூரிக்குள் வருவதை ஆண்டுதோறும் காண்கிறோம். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை விரைந்து கடந்து, அல்லது கடக்காமலேயே விட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஈராண்டு நடத்தும் வழக்கம் பல பள்ளிகளில் இருந்ததனாலன்றோ பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைக்க வேண்டியதாயிற்று? மதிப்பெண் பட்டியலில் கணிதத்தில் தொண்ணூறுக்கு மேல் பெற்றவர்கள் முதற்பருவ நுண்கணிதத்தில் தடுமாறுவதாக எம் கணிதத்துறை நண்பர்கள் வருந்துவர். செயல்களில் இறைவனுக்கு உவப்பானது, சிறிதாயினும் விடாது தொடரப்படுவதே என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் காட்டிய நெறி. தொழுகைக்கும் தர்மத்திற்கும் அதனைப் பொருத்திப் பேசும் நாம், பிள்ளைகளின் படிப்புக்கு மட்டும் பொருத்திப் பார்ப்பதில்லை.

தாளைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம் ஒன்று கேட்டேன். யாரும் சொல்லாமல் நீயாக எடுத்துப் படிக்கும் புத்தகம் எது? சற்றுத் தயங்கிவிட்டு, "கணக்குத்தான் மாமா. ஆனால் அத்தாவிடம் அதைச் சொல்ல வேண்டாம்" என்றாள்.

அந்த இரண்டாம் வாக்கியம் என்னை உறுத்தியது. பதினைந்து வயதுப் பிள்ளை தன் விருப்பத்தைக் குற்றம்போல் மறைக்க வேண்டிய நிலையை நாமன்றோ உருவாக்கியிருக்கிறோம்! அவள் அஞ்சியது தந்தையின் சினத்திற்கன்று. அவருடைய பதினான்கு ஆண்டுகளுக்கு. எனினும் சொல்லியே ஆக வேண்டும் என்றேன். அன்றிரவே சொன்னோம்.

மச்சான் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு வாசலையே அடைத்துவிடச் சொல்கிறீர்களே மச்சான்!" என்றார். அவருடைய வருத்தம் நியாயமானதே. உயிரியலை விட்டால் மருத்துவம் மட்டுமன்று, அதனைச் சார்ந்த படிப்புகள் பலவும் கைவிட்டுப் போகும். அதை நான் மறைக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் உயிரியலைக் கூடுதல் பாடமாகப் படித்துத் தேறியவர்களும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்திருப்பதையும் எடுத்துச் சொன்னேன். அடைத்த கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பது அவருக்குச் சிறிது ஆறுதல் தந்திருக்கலாம். மறுநாள் பணம் அனுப்பினார். "பிள்ளை இஷ்டம்" என்று இரண்டே சொற்கள்.

அவள் கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் கொண்ட பிரிவில், நடந்தே செல்லக்கூடிய அரசு உதவிபெறும் பள்ளியில் சேர்ந்தாள். தனிப்பயிற்சி எதுவும் இல்லை. மொழிப்பாடமாகத் தமிழையே எடுத்தாள். மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும் என்று வேற்று மொழி நாடும் பிள்ளைகள் பெருகிவரும் இக்காலத்தில் அது எனக்கு மகிழ்ச்சி தந்தது. தமிழாசிரியன் ஒருசார்பாகப் பேசுகிறான் எனில், பேசிவிட்டுப் போகிறேன். சனி ஞாயிறுகளில் ஆலிமா வகுப்பு தொடர்கிறது. சம்பந்தியம்மாளுக்கு நிறைவு.

இவள் மருத்துவம் படித்திருந்தால் சிறந்திருப்பாளோ என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். அக்கம்பக்கத்தார் இன்னமும் என் தங்கையிடம் இரங்கற் குரலில்தான் பேசுகின்றனர். மச்சான் ரமலான் விடுமுறைக்கு வருவதாக இருக்கிறார். முன்பெல்லாம் வெள்ளிக்கிழமைதோறும் தொலைபேசியில் எத்தனை மதிப்பெண் என்றே கேட்பவர், சென்ற வாரம் மகளிடம், இரவு எத்தனை மணிக்கு உறங்குகிறாய் என்று கேட்டாராம்.