வீட்டுவண்டியின் உண்மை எடை

அமெரிக்க நாட்டில் விடுமுறைப் பயணம் புறப்படுவோர் பலர், உண்ணவும் உறங்கவும் வசதியமைந்த சிறு வீடொன்றைச் சக்கரங்களின்மீது ஏற்றித் தம் காரின் பின்னே கொக்கியிட்டு இழுத்துச் செல்கின்றனர். டிராவல் டிரெய்லர் என்பது அதன் பெயர். ஹலாலான உணவைத் தாமே சமைத்துக்கொள்ளலாம், வக்து தவறாமல் தொழலாம் என்பதால் நம்மவர்க்கும் அதன்பால் ஈர்ப்புண்டு. ஹூஸ்டன் நகரில் வாழும் நம் மருமகன் அத்தகைய வண்டியொன்றை விலைபேசியபோது, நாமும் உடனமர்ந்து கணக்குப் பார்த்தோம்.

விற்பனைத் தாளில் எடை 1,900 கிலோ என்றிருந்தது. காரோ 5,000 பவுண்டு, அதாவது 2,268 கிலோ வரை இழுக்க வல்லது. "இன்னும் முந்நூறு கிலோவுக்குமேல் மிச்சமிருக்கிறதே, மாமா!" என்றார் அவர்.

தாளில் கண்டது வெற்று வண்டியின் எடை. வெற்று வண்டியில் எவரும் பயணம் செய்வதில்லை. நீர்த்தொட்டி 150 லிட்டர் கொள்ளும். லிட்டருக்கு ஒரு கிலோ. பாதி நிரப்பினால் போதாதா என்றால், ஆறு பேர் ஐவேளை உளூச் செய்ய வேண்டுமே! நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' அளவு நீரில் உளூச் செய்தார்கள் என ஹதீஸில் காண்கிறோம்; நம் பேரப்பிள்ளைகளோ குழாயைத் திறந்தால் மூடுவதறியார். வாயு நிறைந்த இரு சிலிண்டர்கள் 34 கிலோ, பாட்டரி 25 கிலோ. இவற்றைச் சில நிறுவனத்தார் வெற்றெடையிலேயே சேர்ப்பர், சிலர் சேர்ப்பதில்லை, கேட்டறிதல் வேண்டும். இவ்வண்டிக்குச் சேர்க்கவில்லை. படுக்கை, உடைகள், அரிசி, பாத்திரங்கள், மகள் விடாது எடுத்துச் செல்லும் பிரியாணி தேக்சா ஆகியவற்றை வீட்டுத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தோம்: 220 கிலோ. ஆக மொத்தம் 2,329. கார் இழுக்கும் எல்லையை அது கடந்துவிட்டது.

இதனினும் பெரிது மற்றொன்று. டிரெய்லரின் எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு கொக்கியின்மேல் அழுந்த வேண்டும். குறைந்தால், வேகத்தில் டிரெய்லர் வாலென ஆடிக் காரையே புரட்டிவிடக்கூடும். 12 பங்கென்றாலும் 280 கிலோ. பிணைப்புக் கருவி 40. இந்த 320 கிலோவையும் சுமப்பது காரே. ஓட்டுநர் பக்கக் கதவோரத்து ஒட்டுத்தாளோ ஆட்களும் சரக்குமாக 635 கிலோவே ஏற்றலாம் என்கிறது. அறுவர் எடை 360 போக எஞ்சுவது 275. மருமகன் பேனாவை மூடிவைத்தார்.

இவ்வளவு கணக்கிட இயலாதோர், வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச எடையையே அதன் உண்மை எடையெனக் கொள்ளலாம். பழைய வண்டியாயின், நெடுஞ்சாலையில் லாரிகள் தங்குமிடத்து எடைமேடைக்குக் கொண்டுவருமாறு விற்பவரைக் கேட்கலாம். சில டாலர்களில் சீட்டுக் கிடைத்துவிடும். அதற்கு இசையாதவரிடம் வாங்காதிருத்தல் நலம்.

மருமகன் இப்போது சிறிய வண்டியொன்றைத் தேடுகிறார். தேக்சாவை வீட்டில் விட்டுவர மகள் இன்னும் இசையவில்லை.