செல்லியின் பல்லக்கு

"சுத்தம் சோறு போடும்" என்பது நம் முன்னோர் வாக்கு. சுத்தம் உயிரையும் காக்கும் என்பதற்கு ஒரு பூனைப் பெட்டியைச் சாட்சியாக நிறுத்துகிறேன் என்றால் தோழியர் நகைப்பீர்கள். நகைத்து முடித்தபின் தயவுசெய்து மேலே படியுங்கள். பூனை வளர்ப்போர் நம் பள்ளியில் பலர் இருக்கிறோம் அல்லவா?

முன்பெல்லாம் வீடு மாறும்போது பூனையைச் சாக்குப் பையில் கட்டித் தூக்கிச் செல்வார்களாம். இன்று அதற்கென்றே பெட்டி வந்துவிட்டது. மேல் பாதி, கீழ்ப் பாதி, முன்னே ஒரு கம்பிக் கதவு, உச்சியில் ஒரு கைப்பிடி. எங்கள் வீட்டில் இதற்குப் 'பல்லக்கு' என்று பெயர். பல்லக்கேறும் மகாராணியின் பெயர் செல்லி. பயணம் என்றால் மகாராணிக்குப் பயம். பயத்தில் பெட்டிக்குள்ளேயே சிறுநீர் கழித்துவிடுவாள். ஆட்டோ குலுங்கினால் வாந்தியும் எடுப்பாள். போதாததற்கு, நோயுற்ற பிராணிகள் நின்ற மருத்துவமனைத் தரையிலே அந்தப் பெட்டியை வைத்து எடுக்கிறோம். வீட்டிலே எந்தப் பாத்திரத்தையும் கழுவாமல் மறுபடி எடுக்காத நாம், இதை மட்டும் அப்படியே பரணில் ஏற்றிவிடலாமா?

இந்தப் பல்லக்கு எங்கள் பெரியம்மா கொடுத்தது. அவர்கள் வீட்டுப் பூனைக்குட்டி வாந்தியும் கழிச்சலும் கண்டு மூன்றே நாளில் இறந்துபோயிற்று. 'பான்லுக்கோபீனியா' என்று மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னாராம். இரண்டு மாதம் சென்றபின், எட்டு வாரக் குட்டியான செல்லி எங்களிடம் வந்து சேர்ந்தாள். அவளைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோகவேண்டும். புதுப் பெட்டி வாங்கும் நிலையில் அந்த மாதம் நாங்கள் இல்லை. பெரியம்மா தம் வீட்டுப் பெட்டியை அனுப்பிவைத்தார்கள். "இரண்டு மாதம் ஆகிவிட்டதே, இனி என்ன?" என்றுதான் எல்லோருக்கும் தோன்றியது. ஆயினும் அம்மா, குட்டியை உள்ளே விடுமுன் கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டுவிட்டார்கள்.

மருத்துவர் அம்மையார் கூறிய செய்தி எங்களைத் திடுக்கிட வைத்தது. இந்த நோயின் வைரஸ், பெட்டியிலும் துணியிலும் தரையிலும் ஓர் ஆண்டு வரைகூட உயிர்ப்போடு இருக்கக் கூடியதாம். மனிதரை அது தீண்டாது. தடுப்பூசி போடாத குட்டிகளையோ எளிதில் விடாது. வெறும் சோப்பினாலும், கைக்குப் பூசிக்கொள்ளும் சானிடைசரினாலும் அது சாவதில்லை.

"அதற்கென்ன, ரெண்டு மூடி பினாயிலை ஊத்திக் கழுவிப் போடுங்க, எல்லாம் செத்துப்போகும்" என்றார்கள் ஆச்சி. நம் வீடுகளில் பினாயில்தானே சர்வரோக நிவாரணி! ஆனால் மருத்துவர் அதைக் கண்டிப்பாக மறுத்துவிட்டார். பினாயில் வகைகள் பூனைக்கு நஞ்சு. நம் ஈரலும் நாயின் ஈரலும் இத்தகைய பொருள்களை மாற்றி வெளியேற்றிவிடும். அதற்கு வேண்டிய ஒரு நொதி பூனையின் ஈரலில் சரிவர இல்லை. பூனையோ நாள் முழுவதும் தன் பாதத்தையும் உடலையும் நக்கிக்கொண்டிருக்கும் பிராணி. பெட்டியில் ஒட்டியது பாதத்திலே ஒட்டும். பாதத்தில் ஒட்டியது வயிற்றுக்குள் போகும். தண்ணீரில் ஊற்றியதும் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினிகள் பெரும்பாலும் பூனைக்கு ஆகாதவை என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். 1867-இல் ஜோசப் லிஸ்டர் என்னும் அறுவை மருத்துவர், கார்பாலிக் அமிலத்தால் நோயாளிகளின் புண்களைக் காத்த வரலாற்றை வெளியிட்டார். அந்த அமிலமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. மனிதருக்கு வாழ்வளித்த பொருள் பூனைக்கு நஞ்சாகிறது. நல்லெண்ணம் மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்பது இதனால் விளங்குகிறதன்றோ?

பிறகு எதுதான் ஏற்றது? துணி வெளுக்கப் பயன்படும் திரவ பிளீச். இதன் இனத்துக்கும் ஒரு பெரிய வரலாறு உண்டு. 1847-இல் வியன்னா நகரின் பிரசவ மருத்துவமனையில், செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் தம்மோடு பணிபுரிந்தோரைக் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவச் செய்தார். அவ்வாண்டு ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டுத் தாய்மார் இறந்தனர். ஜூன் மாதத்தில் அது நூற்றுக்கு இரண்டாகக் குறைந்தது. கிருமி என்பதையே உலகம் சரியாக அறியாத காலம் அது!

இனி, நாங்கள் பல்லக்கைக் கழுவிய முறையைச் சொல்லுகிறேன்.

செல்லியை வேறோர் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினோம். பெட்டியைக் காற்றோட்டமுள்ள கொல்லைப்புறத்துக்குக் கொண்டுபோய், அம்மாவும் நானும் ரப்பர் கையுறை அணிந்துகொண்டோம். உள்ளே இருந்த பழைய துணியைத் துவைக்க முயலாமல் பையில் கட்டி அப்புறப்படுத்தினோம். திருகாணிகளைக் கழற்றி, மேல் பாதி, கீழ்ப் பாதி, கதவு என்று தனித்தனியே பிரித்தோம். ஒட்டியிருந்த முடியையும் அழுக்கையும் காகிதத்தால் துடைத்தெடுத்தோம்.

அடுத்து, சோப்பு நீரும் நாரும் கொண்டு நன்றாகத் தேய்த்தோம். விளிம்புப் பள்ளங்களிலும் கதவு மாட்டும் துளைகளிலும் நார் புகாது. அங்கே பழைய பல் துலக்கும் பிரஷ்தான் கைகொடுத்தது. இந்தப் படியை ஒருவரும் விட்டுவிடக் கூடாது. அழுக்கு இருக்கும் இடத்தில் பிளீச் தன் வலிமையை அந்த அழுக்கிடமே இழந்துவிடும், கிருமி தப்பித்துக்கொள்ளும். மேலும், சிறுநீரில் உள்ள அம்மோனியாவோடு பிளீச் சேர்ந்தால் நச்சு வாயு உண்டாகும். ஆகவே முதலில் அழுக்கு நீங்கவேண்டும், பிறகே மருந்து.

சோப்பு போக அலசியபின், 1 லிட்டர் குளிர்ந்த தண்ணீருக்கு 30 மில்லி, அதாவது இரண்டு மேசைக்கரண்டி, பிளீச் கலந்தோம். 5 முதல் 6 சதவீதம் சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ள பிளீச்சுக்கு இந்த அளவு. வெந்நீர் கூடாது; முந்தின நாள் கலந்து வைத்ததும் கூடாது. எல்லாப் பகுதிகளும் முழுமையாக 10 நிமிடம் நனைந்தே இருக்குமாறு பார்த்துக்கொண்டோம். காயத் தொடங்கிய இடங்களை மறுபடி நனைத்தோம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் இவ்வளவு நீளமா என்று அன்றுதான் தெரிந்தது!

பிறகு நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி, மொட்டை மாடி வெயிலில் காயவைத்தோம். மாலையில் ஆச்சியே மூக்கை வைத்து முகர்ந்து பார்த்து, வாடை இல்லை என்று உத்தரவு கொடுத்தபின்தான் புதுத் துணி விரித்தோம்.

சில எச்சரிக்கைகள்: பிளீச்சோடு கழிப்பறை ஆசிட், வினிகர், வேறு கிருமிநாசினி எதையும் கலக்கவே கூடாது. சிறுமியர் இதைத் தனியே செய்யாமல் பெரியவர் துணையோடு செய்யவேண்டும். மூங்கில், பிரம்புக் கூடைகளின் இடுக்குகளில் மருந்து சரியாகப் புகாது. நோய் கண்ட கூடையை விட்டுவிடுவதே நல்லது. ஆழமாகக் கீறல் விழுந்த பிளாஸ்டிக் பெட்டிக்கும் அதே விதிதான். பூனை மலம் பட்ட எதையும் கர்ப்பிணிப் பெண்கள் கழுவாதிருப்பது நலம். நோய் ஏதும் இல்லாத சாதாரணப் பயணத்துக்குப்பின் சோப்பும் தண்ணீரும் வெயிலுமே போதும்.

செல்லி அந்தப் பல்லக்கிலேயே ஊசிக்குப் போய் வந்தாள். அடுத்த பல நாட்கள் அவள் பால் குடிக்கிறாளா, விளையாடுகிறாளா என்று கவலையோடு பார்த்திருந்தோம். இறைவன் அருளால் அவளுக்கு ஒன்றும் நேரவில்லை. இரண்டாவது ஊசிக்கும் அதே பெட்டியில்தான் போனாள். நலம் விசாரிக்க வந்த பெரியம்மா, கம்பிக் கதவைத் தடவியபடி, "எங்க குட்டிக்கும் காலத்தோட ஊசி போட்டிருக்கலாம்" என்றார்கள். அம்மா பதில் சொல்லாமல் செல்லியைத் தூக்கி அவர்கள் மடியில் வைத்தார்கள்.

நம் திருச்சபையில் கையில் துடைப்பத்தோடு காட்சி தரும் புனிதர் ஒருவர் உண்டு. பெரு நாட்டு லீமா நகரைச் சேர்ந்த புனித மார்ட்டின் தெ போரஸ் அவர். 1579-இல் பிறந்த அவர், தொமினிக்கன் மடத்தில் பெருக்கும் வேலையும் நோயாளரைப் பேணும் வேலையும் செய்தார். அவர் காலடியில் நாயும் பூனையும் எலியும் ஒரே தட்டில் உண்பதாகப் படம் வரைவார்கள். 1962-இல் பாப்பரசர் 23-ஆம் அருளப்பர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். பிராணிகள்மேல் அன்பும் துடைப்பமும் ஒரே கையில் இருக்க முடியும் என்பதற்கு அவரே சான்று.

தோழியரே, பூனையைக் கொஞ்சுவது எளிது. அதன் பெட்டியைத் தேய்ப்பது கடினம். வாயில்லா ஜீவன், "இது எனக்கு ஆகாது" என்று நம்மிடம் சொல்ல இயலாது. அதற்காக நாம் கேட்டு அறிவோம், அறிந்தபடி கழுவுவோம். கடவுள் நம்மை நம்பி ஒப்படைத்த சிற்றுயிர்களுக்கு நம் கைகளால் செய்யக்கூடிய தொண்டு இது.