அகவல் உரையாடத் தொடங்கியபோது: மனோன்மணீயத்தின் வடிவத்தைத் தேர்வுக்குப் படிப்போர்க்கு

பருவத் தேர்வு நெருங்கும்போதெல்லாம் முதுகலை மாணவர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது ஒன்றுண்டு: "மனோன்மணீயத்தின் வடிவச் சிறப்பை விளக்குக என்று வந்தால் என்ன எழுதுவது, அக்கா?" தனித்தனியே சொல்லிவந்ததை இங்கே ஒருசேர எழுதிவைக்கிறேன்.

கேட்பவர்களின் குறிப்பேட்டில் விடை ஏற்கெனவே இருக்கும். ஆசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை, வெளியான ஆண்டு 1891, 5 அங்கங்கள், 20 களங்கள், ஆசிரியப்பாவால் ஆனது, மூலம் லிட்டன் பிரபுவின் 'இரகசிய வழி', கிளைக்கதை சிவகாமி சரிதம். எல்லாம் சரியானவை. ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு இவை போதும். 15 மதிப்பெண் வினாவுக்கும் இவற்றையே நீட்டி எழுதுவதுதான் சிக்கல். அது நூலைத் திறவாமலே எழுதக்கூடிய விடை. திருத்துபவர்க்கும் அது தெரியும்.

நூல் கடினமானது என்பதை மறைக்க வேண்டியதில்லை. வெளிவந்த காலத்திலேயே யாரும் வீட்டில் பேசாத நடை அது. ஆகவே மாணவர்கள் பொழிப்புரையைப் பற்றிக்கொள்கிறார்கள். பாண்டியன் ஜீவகன், அவனை வஞ்சிக்கும் அமைச்சன் குடிலன், சுந்தரமுனிவர் அமைக்கும் சுரங்கவழி, சேரன் புருடோத்தமன், இளவரசி மனோன்மணி என்று கதை விளங்கிவிடுகிறது. ஆனால் பொழிப்புரையில் முதலில் மறைந்துபோவது வடிவம். தேர்வு கேட்பதோ அதைத்தான்.

வடிவம் என்று வரும்போது பிள்ளை செய்த தெரிவுகள் மூன்று. முதலாவது, கதைப்பாட்டை நாடகமாக்கியது. லிட்டனின் 'இரகசிய வழி' நாடகமன்று. 1866இல் வந்த தொகுதியொன்றில் அமைந்த, இயைபில்லாத கதைப்பாடல். இரண்டாவது, ஷேக்ஸ்பியர் நாடகங்களின் ஐந்து அங்க அமைப்பை மேற்கொண்டு, அதன் முகப்பில் தமிழ் மரபுக்குரிய பாயிரத்தை வைத்தது. இவ்விரண்டையும் எல்லாக் கையேடுகளும் கூறும். மூன்றாவது தெரிவைக் கையேடுகள் ஒரே சொல்லில் கடந்துவிடும்: ஆசிரியப்பா. ஏன் ஆசிரியப்பா என்ற வினாவில்தான் இந்நூலின் வடிவம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

ஆங்கில நாடகத்தின் இயைபற்ற ஐஞ்சீரடிக்கு நிகராகத் தமிழில் அகவலைக் கொண்டார் என்பது வழக்கமான விடை. பொருத்தமான விடைதான். நாற்சீரடி, பெரும்பாலும் ஈரசைச் சீர்கள், பொருள் முடியும்வரை நீளும் உரிமை, வெண்பாவின் தளைக்கட்டு இல்லாத நெகிழ்ச்சி ஆகியவை அகவலைப் பேச்சுக்கு அருகில் வைக்கின்றன. ஆனால் ஒரு தடை உண்டு. தொல்காப்பியச் செய்யுளியலின் உரைமரபு அகவலோசையை எப்படி விளக்குகிறது என்று பாருங்கள். ஒருவர் கேட்க மற்றவர் விடைசொல்வதாக அன்றி, தான் கருதியதைத் தானே தொடர்ந்து சொல்லிச் செல்வது அகவல் என்கிறது. அகநானூற்றின் நானூறு பாட்டும் ஆசிரியப்பா. ஒவ்வொன்றும் ஒருவரின் கூற்று. காதலரும் தோழியும் மாறிமாறிப் பேசுவதைக் கேட்கக் கலித்தொகைக்குப் போகவேண்டும். அங்கே யாப்பு கலிப்பா. சிலப்பதிகார வழக்குரை காதையில் அகவலுக்குள் வழக்காடல் நிகழ்கிறது. அது ஒரு காட்சியளவு. ஒருவர் குரலுக்கு உரியதென்று மரபு கருதிய யாப்பைக் கொண்டு ஐந்து அங்கமும் பலரைப் பேசவைத்தது, இந்நகரத்து மகாராஜா கல்லூரியில், இன்றைய பல்கலைக்கழகக் கல்லூரியில், தத்துவம் கற்பித்த பேராசிரியர் துணிந்து செய்த செயல்.

அது எவ்வாறு இயலும்? விளக்கத்துக்காக நானே ஓரடி கட்டிக் காட்டுகிறேன். காவலன் "வந்தவர் யாரோ?" என்கிறான். வெளியிலிருந்து "வாயிலோன்" என்று விடை. உள்ளிருந்து "வருக" என்கிறாள் தலைவி. மூவர் பேச்சு, ஆனால் யாப்பில் ஒரே அடி: வந்தவர் யாரோ வாயிலோன் வருக. கூவிளம், தேமா, கூவிளம், புளிமா என நான்கு இயற்சீர்கள். முதற்சீரின் வகரம் மூன்றாம், நான்காம் சீர்களில் மோனையாகத் திரும்ப வருகிறது. காவலன் தொடங்கிய ஓசையை வேறொருவன் வாங்கிக்கொள்ள, மூன்றாமவள் முடித்துவைக்கிறாள். பேசுவோர் மாறினாலும் அடி முறியாதபடி தாங்குவது மோனை. இங்கே தொடை அழகுக்காக மட்டும் வரவில்லை. உரையாடலின் மூட்டாகவே வேலைசெய்கிறது.

இனி நூலுக்குச் செல்லுங்கள். ஜீவகனும் குடிலனும் பேசும் களம் ஒன்றை எடுத்து, அடி எங்கெங்கே இருவருக்கிடையே பங்கிடப்படுகிறது என்று கரிக்கோலால் குறியுங்கள். யார் தொடங்குகிறார், யார் முடிக்கிறார், யாருக்கு முழு அடிகள் தடையின்றிக் கிடைக்கின்றன என்று எண்ணுங்கள். பின்னர்க் குடிலன் தனித்துநின்று பேசும் பகுதியைப் படியுங்கள். அங்கே கேட்பவரும் இல்லை, பங்கிடுபவரும் இல்லை. அகவல் தன் பழைய இயல்புக்குத் திரும்பி, கருதியதைக் கருதியவாறே சொல்லிச் செல்கிறது. அவையில் பணிவும் தனிமையில் சூதுமாக வாழும் ஒருவனை இந்த வேறுபாட்டிலேயே கேட்க முடிகிறது. மௌனமாகப் படித்தால் இது பிடிபடாது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாய்விட்டுப் படியுங்கள். ஒரு களத்துக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

அடுத்து, யாப்பு மாறும் இடங்களைக் குறியுங்கள். கோல்ட்ஸ்மித்தின் 'துறவி' கதைப்பாடலை ஒட்டியமைந்த சிவகாமி சரிதம் அகவலிலிருந்து விலகி வேறு யாப்பில் ஒலிக்கிறது. கதைக்குள் கதை என்பதை ஓசை மாற்றமே அறிவித்துவிடுகிறது. பாயிரத்தின் தமிழ்த்தெய்வ வணக்கமும் அகவலன்று. காய்ச்சீர் மிகுந்த கலிப்பா வகை. அதன் ஒரு பகுதிதான் 1970 முதல் தமிழ்நாட்டரசின் தமிழ்த்தாய் வாழ்த்தாகவும், 2021இல் மாநிலப் பாடலாகவும் ஆனது. விந்தை இதுதான்: இந்நூலில் கோடிக்கணக்கானோர் எழுந்துநின்று கேட்டிருப்பது நாடகத்துக்கு வெளியே நிற்கும் பகுதியை, நாடகம் பேசும் அகவலைக் கேட்டவர் மிகச் சிலர். பாடத்திட்டத்தால் அதைத் திறந்துபார்க்க நேர்ந்திருக்கும் நீங்கள் அச்சிலருள் சேரக்கூடியவர்கள்.

தேர்வுத்தாளுக்கு வருவோம். அங்கம், களம், ஆண்டு, மூலம் ஆகியவற்றை முதற்பத்தியில் முடித்துவிடுங்கள். இரண்டாம் பத்தியில் ஏன் ஆசிரியப்பா என்ற வினாவை எழுப்புங்கள். மூன்றாவதில் நீங்களே அலகிட்டுப் பார்த்த, இருவர் பங்கிட்ட அடி ஒன்றைக் காட்டுங்கள். நான்காவதில் தனிமொழியோடு ஒப்பிடுங்கள். இறுதியில் யாப்பு மாறும் இடங்களைச் சொல்லுங்கள். அலகிட்டுக் காட்டிய அந்த ஓரடி போதும், நீங்கள் நூலைத் திறந்தீர்கள் என்பதற்கு.

சுந்தரம் பிள்ளை 1897இல் மறைந்தபோது அவருக்கு வயது 42. இந்நூலைத் தம் ஆசிரியர் ராபர்ட் ஹார்விக்கே உரிமையாக்கினார். பேரூர்க்கடையில் தம் இல்லம் அமைந்த இடத்துக்கும் ஹார்விபுரம் என்றே பெயரிட்டார். ஆசிரியரிடம் கற்றதை அவ்வளவு மதித்த ஒருவரின் நூலை, கற்காமலே எழுதிக் கடக்கும் விடைகளால் நாம் எதிர்கொள்வது முறையன்று. களம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து இவ்வாரமே படிக்கத் தொடங்குங்கள். அலகிடுவதில் ஐயம் எழுந்தால் கேளுங்கள், சேர்ந்து பார்ப்போம்.