நடைமேடை

காலை ஐந்தே முக்கால். வளவனூர் ரயில் நிலைய வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நிற்கிறது. இறங்குகிறவர் வீடு இரண்டு தெரு தள்ளி.

அரை டிரவுசர், பனியன், வெள்ளை ஷூ. செல்போனில் எதையோ அழுத்திவிட்டு நடக்கத் தொடங்குகிறார். நடைமேடை முனையில் மஞ்சள் பெயர்ப்பலகை. அதைக் கையால் தொடுகிறார், திரும்புகிறார். பின்னால் வரும் மூன்று பேரும் தொடுகிறார்கள். தொடாத சுற்று கணக்கில் சேராது போல.

விழுப்புரம்–புதுச்சேரி பாதை. 1879-ல் போட்டது. மீட்டர் கேஜ் போய் அகலப் பாதை வந்தாயிற்று. பாசஞ்சர் நிற்கும் சில நிமிடங்கள் போக, மீதி நேரம் நடைமேடை சும்மாதான் கிடக்கிறது. ஹாரன் இல்லை. குழி இல்லை. நாய்கள் இரண்டு.

பேச்சு விழுப்புரத்துப் பக்கம் போகிறது. 2023 நவம்பர் 4 அன்று விழுப்புரம் உட்பட தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை திறந்தார்கள், 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று.

"ஒருநாள் அங்க போய் நடக்கணும் சார்."

"போலாம். பைக்க எங்க விடறது?"

ஏழரை மணி. மெயின் ரோட்டின் ஓரம் முழுக்க வண்டிகள். ஒரு பஜ்ஜிக் கடை அடுப்பு. ஒன்றன்மேல் ஒன்றாக பிளாஸ்டிக் நாற்காலிகள். மிச்சம் ஒரு முழம்.

அந்த ஒரு முழத்தில் ஒரு அம்மா வருகிறார். தலையில் சும்மாடு, அதன்மேல் கீரைக் கூடை. ரப்பர் செருப்பின் வாரில் ஊக்கு. இடுப்புச் சுருக்குப் பையில் பட்டன் செல்போன். லாரி வந்தால் மண்ணில் இறங்குகிறார். போனதும் தாருக்கு ஏறுகிறார். இறங்குகிறார். ஏறுகிறார்.

அரசு கொடுத்த சைக்கிளில் இரண்டு மாணவிகள். ஒருத்தி மிதிக்கிறாள், ஒருத்தி கேரியரில் அமர்ந்து பாடம் ஒப்பிக்கிறாள். பஜ்ஜிக் கடை தாண்டியதும் இறங்கி இடம் மாறிக்கொள்கிறார்கள். இலவச சைக்கிள் திட்டம் 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்காக வந்தது, பிறகு மற்றவர்களுக்கும். முன்கூடையில் சாப்பாட்டுப் பைகள் இரண்டு.

நிறுத்தத்தில் பெண்கள் கூட்டம். ஷேர் ஆட்டோ ஒன்று மெதுவாக ஊர்ந்து, இரண்டு முறை ஹாரன் அடித்து, பார்த்துவிட்டுப் போகிறது. 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. கீரைக் கூடை தரையில். அம்மா குந்தி உட்கார்ந்து வாடிய இலைகளைக் கிள்ளிப் போடுகிறார். நிழற்குடைப் பெஞ்சில் ஒருவர் நீட்டிப் படுத்திருக்கிறார்.

பஸ் வருகிறது. நிறுத்தத்தைத் தாண்டி நான்கு கடை தள்ளி நிற்கிறது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி எட்டிப் பார்க்கிறார்.

எல்லோரும் ஓடுகிறார்கள்.