குளோஸ், குளோஸ்ட்

ஐந்தாம் ஆண்டில் எங்கள் ஆங்கில டீச்சர் மணிலா அட்டையில் ஓர் அட்டவணை எழுதி வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருந்தார். மூன்று வரிசைகள். கோ, வெண்ட், கோன். ஈட், ஏட், ஈட்டன். ரைட், ரோட், ரிட்டன். சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் வரும் நேரமாகப் பார்த்து எங்களை எழுந்து நிற்கச் சொல்வார். வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டுச் சொல்வோம். கட், கட், கட் வரும்போது மட்டும் வகுப்பே கத்தும். மூன்றும் ஒரே சொல்லாக இருப்பதில் எங்களுக்கு அப்படியொரு சந்தோஷம்.

முதல் வரிசை இன்றைக்கு, இரண்டாவது வரிசை நேற்றைக்கு என்று புரிந்தது. மூன்றாவது எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை. "ஹேவ், ஹேஸ், ஹேட் வந்தா மூணாவது போடணும்" என்பதுதான் விதி. ஏன் போட வேண்டும் என்பது விதியில் இல்லை. சோதனைத் தாளில் ஹேஸ் என்ற சொல்லைக் கண்டால் மூன்றாவது வரிசைக்கு ஓடுவேன். மதிப்பெண் கிடைத்தது. அதற்கு மேல் அந்த வரிசையோடு எனக்கு உறவு இல்லை.

நான் 2003இல் ஒன்றாம் ஆண்டு சேர்ந்தவன். கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் அந்த ஆண்டுதான் தொடங்கியது. நாங்கள் அதன் முதல் கூட்டம். அதனால் பள்ளியில் மூன்றாவது வரிசையை நான் அதிகம் பார்த்தது ஆங்கிலப் பாடத்தில் அல்ல, அறிவியல் பாடத்தில். 'தி வாட்டர் இஸ் ஹீட்டட்.' தண்ணீர் சூடாக்கப்படுகிறது. யார் சூடாக்குகிறார் என்று புத்தகம் சொல்லாது. சோதனைக்குழாயைப் பிடித்திருக்கும் கை படத்தில் மணிக்கட்டு வரைக்கும்தான் இருக்கும்.

பிறகு இடைநிலைப்பள்ளி. மலாய்மொழியில் வினைச்சொல் காலத்துக்காக மாறுவதில்லை. முன்னால் 'சுடாஹ்' போட்டால் முடிந்த காரியம், 'பெலும்' போட்டால் முடியாத காரியம். அந்தச் சுகம் எங்கள் ஆங்கிலத்துக்குள்ளும் வந்துவிட்டது. 'ஐ சென்ட் ஆல்ரெடி' என்று சொல்லத் தெரிந்தவனுக்கு ஹேவ் எதற்கு? முவெட் தேர்வைத் தாண்டினேன். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் படித்து இயந்திரப் பொறியியல் பட்டம் வாங்கினேன். பிறையில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை கிடைத்தது.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம், ஒரு மின்னஞ்சலில் 'தி ஷாஃப்ட் ஹேஸ் ப்ரோக்' என்று எழுதி எல்லாருக்கும் அனுப்பினேன். ஒருவர் எல்லாருக்கும் பதில் அனுப்பினார். அதில் ஒரே ஒரு சொல்: 'ப்ரோக்கன்.' அன்று முழுவதும் யார் முகத்தையும் என்னால் பார்க்க முடியவில்லை. மாலையில் பழைய புத்தகக்கடையில் ரேமண்ட் மர்ஃபியின் இலக்கண நூலை வாங்கினேன். இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி. இரவில் அறைத்தோழன் தூங்கிய பிறகு ஐந்தாம் ஆண்டு மாணவன் மாதிரி உதட்டை அசைத்துப் படித்தேன். ப்ரேக், ப்ரோக், ப்ரோக்கன். ஃப்ரீஸ், ஃப்ரோஸ், ஃப்ரோஸன்.

அப்போது சில விஷயங்கள் பிடித்துப்போயின. ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் வினைகளான பீ, ஹேவ், டூ, சே, மேக், கோ, டேக், கம், சீ, கெட் எல்லாமே விதிக்கு அடங்காதவை. தினமும் வாயில் புரள்வதால் அவற்றின் பழைய உருவம் தேயாமல் நிற்கிறது. குறைவாகப் புழங்குபவை மெல்ல மெல்ல விதிக்கு வந்துவிடுகின்றன. ஹெல்ப் என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் மூன்றாவது வரிசையில் 'ஹோல்பன்' இருந்திருக்கிறது. 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் அது உண்டு. இன்றைக்கு ஹோல்பன் என்றால் வெள்ளைக்காரனே சிரிப்பான். அந்தத் தகவல் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஆனால் நான் படித்தது அவமானத்தால். அதனால் அவமானம் வந்த இடத்தை மட்டும்தான் அடைத்தேன். அடங்காத வினைகளை மனப்பாடம் செய்தேன். விதிக்கு அடங்கும் சாதாரண வினைகளைப் பற்றி யோசிக்கவே இல்லை. கடைசியில் ஈடி போட்டால் முடிந்தது, அதில் என்ன இருக்கிறது?

அதில்தான் எல்லாம் இருந்தது.

அந்த ஈடி எழுத்தில் இரண்டு. ஒலிப்பில் பெரும்பாலும் ஒரேயொரு 'ட்'. தமிழ்ச்சொல் எதுவும் வல்லின மெய்யில் முடியாது என்று இடைநிலைப்பள்ளித் தமிழ் வகுப்பில் படித்திருக்கிறோம். அப்படி முடியும் அந்நியச் சொல் வந்தால் நம் நாக்கு ஓர் உகரத்தைச் சேர்த்துச் சமாளிக்கும்: போஸ்ட்டு, லிஸ்ட்டு. மலாய் நாக்கு கடைசி எழுத்தையே விட்டுவிடும். போஸ்ட் அங்கே 'போஸ்', காஸ்ட் 'கோஸ்', ஆர்க்கிடெக்ட் 'அர்கிடெக்'. இரண்டு மொழியிலும் வளர்ந்த என் வாயில் 'குளோஸ்ட்' எப்போதும் 'குளோஸ்' ஆகத்தான் வெளியே வந்தது. வாயில் இல்லாத எழுத்து கையிலும் இல்லாமல் போனது. ஷிப்ட் மாறும்போது எழுதும் குறிப்புப் புத்தகத்தில் இரண்டு வருடமாக இப்படித்தான் எழுதினேன்: 'ஃபில்டர் கிளீன்.' 'மோட்டார் செக்.' 'பம்ப் 3 ரிப்பேர்.' சுத்தம் செய்தாகிவிட்டது, பார்த்தாகிவிட்டது, சரிசெய்தாகிவிட்டது என்று அர்த்தம். எல்லாருக்கும் புரிந்தது. யாரும் பதில் மின்னஞ்சல் போடவில்லை.

ஒரு நாள் இரவு ஷிப்டில் இரண்டாவது லைனின் நீராவிக் குழாய் இணைப்பில் கசிவு தெரிந்தது. கேஸ்கெட் போய்விட்டது. உற்பத்தி ஓடிக்கொண்டிருந்ததால் உடனே நீராவியை நிறுத்த முடியாது. காலை ஆட்கள் வால்வை மூடிவிட்டு கேஸ்கெட்டை மாற்ற வேண்டும். புத்தகத்தில் எழுதினேன்: 'லைன் 2 ஸ்டீம் வால்வ் குளோஸ். சேஞ்ச் கேஸ்கெட்.' வால்வை மூடு, கேஸ்கெட்டை மாற்று என்பது என் மனத்தில் இருந்தது. 'குளோஸ் வால்வ்' என்று எழுதியிருந்தாலாவது அது கட்டளை என்று தெரிந்திருக்கும். நான் தமிழில் யோசித்துப் பொருளை முன்னால் வைத்துவிட்டேன். அறைக்குப் போய்த் தூங்கினேன்.

காலை ஷிப்ட் டெக்னீஷியன் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் குறிப்பைப் படித்தார். வால்வ் மூடியாகிவிட்டது, கேஸ்கெட் மாற்ற வேண்டும் என்று புரிந்துகொண்டார். போல்ட்டைத் தளர்த்தினார். நீராவி அவருடைய இடது கையில் அடித்தது.

மத்தியானம் மருத்துவமனைக்கு ஓடினேன். கை முழுக்கக் கட்டு. நான் பேச ஆரம்பிக்கும் முன்பே அவர் கேட்டார்.

"தம்பி, ஃபில்டர் கிளீன்னு எழுதுனா என்னா அர்த்தம்?"

"கிளீன் பண்ணியாச்சுண்ணே."

"மோட்டார் செக்?"

"செக் பண்ணியாச்சு."

"அப்ப வால்வ் குளோஸ்?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் திட்டவும் இல்லை. "நான் போயி பாத்திருக்கணும். பூட்டு மாட்டியிருக்கணும். அது என் தப்பு. ஆனா நீ எழுதுனத நீ எழுதுற மாதிரிதான்யா படிச்சேன்" என்றார்.

இரண்டு வருடமாக நான் எழுதிய தவறான ஆங்கிலத்தை அவர் சரியாகக் கற்றுக்கொண்டிருந்தார். அன்று ஒரே ஒரு நாள் நான் அந்தச் சொல்லை அதன் சரியான பொருளில் எழுதினேன். அதில்தான் அவர் கை வெந்தது.

அன்றிரவு மர்ஃபியைத் திரும்ப எடுத்தேன். இந்த முறை அட்டவணையைப் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசை எதற்கு என்று முதல்முறையாகக் கேட்டுக்கொண்டேன். வேறு புத்தகங்களிலும் தேடியபோது ஒன்று கிடைத்தது. 'ஐ ஹேவ் ரிட்டன் தி லெட்டர்' என்ற அமைப்பு பழைய ஆங்கிலத்தில் 'எழுதப்பட்ட நிலையில் கடிதத்தை வைத்திருக்கிறேன்' என்ற பொருளில் தொடங்கியதாம். ஹேவ் என்பது உண்மையிலேயே கையில் வைத்திருப்பதுதான். செயல் நேற்றோடு போய்விட்டது, அதன் பலன் இன்னும் என்னிடம் இருக்கிறது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'கடிதம் எழுதி வச்சிருக்கேன்' என்று அம்மாகூடச் சொல்வாரே. எழுதி, வைத்து, இருக்கிறேன். முடிந்த செயலுக்கு ஒரு வினையெச்சம், அதன் பலன் இன்றும் நிற்கிறது என்பதற்கு ஓர் 'இரு'. ஆங்கிலம் 'வைத்திரு' என்கிறது, நாம் 'இரு' என்கிறோம். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் கடைசி இயலுக்கே எச்சவியல் என்று பெயர். எச்சம் என்றால் மிச்சம், இன்னும் முடியாமல் நிற்பது. ஐந்தாம் ஆண்டில் டீச்சர் "நீ வந்திருக்க, அதான் மூணாவது வரிசை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் இருபது காசு அபராதம். அவர் எப்படிச் சொல்லியிருப்பார்?

இரண்டும் முழுக்க ஒன்றல்ல என்பதும் பிறகு தெரிந்தது. "நேத்தே அனுப்பியிருக்கேன்" என்பது நல்ல தமிழ். அதையே 'ஐ ஹேவ் சென்ட் இட் யெஸ்டர்டே' என்றால் ஆங்கிலம் ஒப்புக்கொள்ளாது. நேற்று மூடிப்போன காலம். அதற்கு இரண்டாவது வரிசைதான். என் பழைய மின்னஞ்சல்களில் அந்தப் பிழை நூறு இருக்கும். ஆனால் இப்போது பிழை எங்கிருந்து வருகிறது என்று தெரிவதால் வெட்கம் வருவதில்லை. திருத்திக்கொள்ள முடிகிறது.

அடுத்த வாரம் விபத்து அறிக்கை எழுத வேண்டியிருந்தது. மேலாளர் ஒரு வரைவை ஏற்கெனவே தயார் செய்திருந்தார். அதில் இரண்டு வாக்கியங்கள் எனக்கு மனப்பாடமாகிவிட்டன. 'தி ஹேண்டோவர் நோட் வாஸ் மிஸ்ரெட். தி ப்ரொசீஜர் வாஸ் நாட் ஃபாலோட்.' குறிப்பு தவறாகப் படிக்கப்பட்டது. நடைமுறை பின்பற்றப்படவில்லை. இலக்கணம் சுத்தம். மூன்றாவது வரிசை இரண்டு இடத்திலும் சரியாக விழுந்திருந்தது. ஆனால் இது அந்த அறிவியல் புத்தகத்துப் படம். மணிக்கட்டுக்கு மேல் ஆளைக் காணோம். படித்தவர் யார், பின்பற்றாதவர் யார் என்று தொழிற்சாலையில் எல்லாருக்கும் தெரியும், கையில் கட்டோடு இருப்பவர்தான். எழுதியவன் யார் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. அண்ணனுக்குக் காரணம் கேட்கும் கடிதம் தயாராக இருந்தது.

மூன்று மாதத்துக்கு முன்பாக இருந்தால் அந்த ஆங்கிலத்தைப் பார்த்து வியந்து கையெழுத்துப் போட்டிருப்பேன். வேலையும் கெடாது, பெயரும் கெடாது. ஒரு நிமிடம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். பிறகு ஒரு வாக்கியம் சேர்த்தேன். 'ஐ ரோட் வால்வ் குளோஸ். தி வால்வ் ஹேட் நாட் பீன் குளோஸ்ட். ஐ ஷுட் ஹேவ் ரிட்டன் தட்.' அது மூன்று வாக்கியம் என்று மேலாளர்தான் சுட்டிக்காட்டினார். எல்லாப் பழியையும் நீயே தலையில் போட்டுக்கொள்ள வேண்டுமா என்று கேட்டார். எல்லாப் பழியும் இல்லை, என் பங்கு மட்டும் என்றேன்.

'ஷுட் ஹேவ்' பயிற்சியை மர்ஃபியில் நான் முன்பே முடித்திருந்தேன். பதில்கள் எல்லாம் சரி. அந்த வடிவம் எதற்கு என்று அந்த அறிக்கையில்தான் தெரிந்தது. எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

கடைசியில் எங்கள் இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அண்ணனுக்கு மட்டும் வரவிருந்தது இரண்டாகப் பிரிந்தது, அவ்வளவுதான். பெரிய நியாயம் எதுவும் நடந்துவிடவில்லை. குறிப்புப் புத்தகத்தில் மட்டும் புதிதாக இரண்டு கட்டங்கள் சேர்ந்தன: செய்து முடித்தது, செய்ய வேண்டியது. கீழே பெயரும் நேரமும். அதைச் சேர்க்கச் சொன்னவர் அண்ணன். இலக்கணத்தைவிட அது பாதுகாப்பானது என்றார். சரிதான்.

அவர் கையில் இப்போது வெளிறிய தழும்பு ஒன்று இருக்கிறது. காலையில் புத்தகத்தை வாங்கும்போது என்னைப் பார்த்து, "குளோஸா, குளோஸ்ட்டா?" என்று கேட்பார். அந்த 'ட்டா'வை வேண்டுமென்றே அழுத்துவார். "குளோஸ்ட்" என்பேன், உகரம் போடாமல், கடைசி எழுத்தை விழுங்காமல்.

கேட்டுக்கொண்டு, வால்வைத் தன் கண்ணால் பார்த்துவரப் போவார்.