கால்மிதியிற் பெயர்

எழுத்தை மிதித்தலாகாது என்பது நம் நாட்டுச் சிறுவர்க்கு எழுத்தறிவிக்கு முன்னரே கற்பிக்கப்படும் பாடமாகும். காகிதத் துண்டொன்று அறியாது காலிற் பட்டுவிடின் அதனை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கம் சமய வேறுபாடின்றிப் பலரிடத்தும் காணப்படுவது. அங்ஙனம் வளர்ந்த யாம், அதிலும் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் யாம், சென்ற கோடை விடுமுறை முழுதும் பெயர்களைக் கால்மிதிகளிற் பொறித்துப் பொருளீட்டினோம் என்று சொன்னால் நண்பர்கள் நகைப்பார்கள். நகைக்கட்டும். அத்தொழிலின் இடையே எமக்கு நேர்ந்த ஒரு பிழையையும், அப்பிழையாற் பெற்ற அறிவையும் ஈண்டு எழுதத் துணிந்தோம்.

எம் ஊர் குமரி மாவட்டத்தில் ஈத்தாமொழிக்கு அணித்தாயுள்ளது. தென்னையே அப்பக்கத்துக் குடிகட்குப் பெரிய செல்வம். எம் தாய்மாமன் நாகர்கோவிலில் ஒரு சிறு கடை வைத்திருக்கிறார். பரிசுக் கேடயங்களிலும், வீட்டு முகப்பில் மாட்டும் மரப்பலகைகளிலும் பெயர் பொறித்துக் கொடுப்பது அவர் தொழில். முன்னாளில் உளிகொண்டு செய்த அவ்வேலையை இப்போது லேசர் இயந்திரம் ஒன்று செய்கின்றது. விடுமுறை தொடங்கிய வாரத்தில், புதுமனை புகவிருந்த ஒருவர் கடைக்கு வந்து, விருந்தினர்க்கு அன்பளிப்பாக வழங்கத் தம் இல்லத்தின் பெயர் பொறித்த கயிற்றுக் கால்மிதிகள் 25 வேண்டுமென்றார். மாமன் அதுகாறும் கால்மிதியிற் பொறித்ததில்லை. “நீ இருந்து செய்து கொடு, வரும் ஆதாயத்திற் பாதி உனக்கு” என்றார். அடுத்த பருவத்து விடுதிக் கட்டணம் குறித்து எம் தந்தையார் கவலையுற்றிருந்த சமயம் அது. யாமும் உடனே இசைந்தோம்.

கால்மிதிக்குத் தேங்காய் நாரினும் ஏற்ற பொருள் காண்பது அரிது. கதம்பையைக் காயல் நீரில் ஆறு முதல் பத்துத் திங்கள்வரை ஊறவைத்து, தடியால் அடித்துத் தும்பு பிரித்து, ராட்டிலிட்டுக் கயிறு திரிப்பது பழைய முறை. லிக்னின் என்னும் மரச்சத்து நாரில் மிகுதியாதலின், அது விறைப்பாக நின்று காலின் மண்ணைத் துடைக்கின்றது. ஈரம் பட்டாலும் எளிதில் மட்குவதில்லை. 1859-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டாரா என்பார் ஆலப்புழையிற் கயிற்றுத் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார். அதன்பின் மலையாளக் கரையின் கயிற்றுப் பாய்கள் பெருவாரியாகக் கடல் கடந்து மேனாட்டார் இல்லங்களுக்குச் சென்றன. நாடு விடுதலை பெற்ற பின்னர், 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிக் கயிறு வாரியம் அமைக்கப்பட்டது. இவற்றையெல்லாம் யாம் நூல்களிற் படித்தறிந்தோம். ஆயினும் இத்தொழிலின் வரலாறு எம் வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்திருந்தது. எம் பாட்டியார் எட்டு வயது முதற் கதம்பை அடித்தவர். அவர் உள்ளங்கையிலே இன்றும் ரேகைகள் தெளிவாய்த் தெரிவதில்லை.

இனி இயந்திரத்தைப் பற்றிச் சிறிது கூறுவோம். தூண்டுதலால் ஒளி வெளிப்படும் என்னும் கொள்கையை ஐன்ஸ்டீன் 1917-இல் விளக்கினார். 1960-இல் அமெரிக்காவில் மெய்மன் என்பார் மாணிக்கக் கோலொன்றைக் கொண்டு முதல் லேசரை இயக்கிக் காட்டினார். மாமன் கடையிலிருப்பது கரியமிலவாயு லேசர். அதனை 1964-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஆக்கியவர் மராட்டிய நாட்டுப் பாராமதியிற் பிறந்த குமார் பட்டேல் என்பது நமக்கு மகிழ்ச்சி தருஞ் செய்தி. கண்ணாடிக் குழாயொன்றிற் கரியமிலவாயுவும் நைட்ரஜனும் ஹீலியமும் கலந்து அடைக்கப்பட்டிருக்கும். அதனூடே உயர்ந்த மின்னழுத்தம் செலுத்தப்படும்போது 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள கதிர் பிறக்கின்றது. அது கண்ணுக்குப் புலனாவதன்று. ஆடிகள் அக்கதிரைத் திருப்பிவிட, வில்லையொன்று அதனை ஊசிமுனையளவாகக் குவிக்கின்றது. வில்லை தாங்கிய தலை, தறியில் ஓடும் நாடாவைப்போல இடமும் வலமும் ஓடும். கணிப்பொறியில் வரைந்த எழுத்து எவ்விடத்தில் உள்ளதோ அவ்விடத்தில் மட்டும் கதிர் பாய்ந்து நாரின் நுனியைக் கருக்கும். மை சிறிதும் வேண்டுவதில்லை; நாரே கரிந்து எழுத்தாகின்றது.

கேட்பதற்கு இஃது எளிது. செய்யப் புகுந்தபோது இடையூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதல் நாள் கதிரின் வலிமையைச் சற்று மிகுத்துவிட்டோம். தும்பின் நுனியில் ஒரு சிறு சுடர் எழுந்து ஓடத் தொடங்கிற்று. மாமன் ஈரச்சாக்கை எடுத்துப் போட்டு அணைத்தார். இயந்திரம் ஓடுங்கால் அதனை விட்டு ஓரடியும் அகலலாகாது என்பது அன்று முதல் எமக்கு விதியாயிற்று.

இரண்டாவது இடையூறு நெருப்பினும் கொடியது. மலிவாய்க் கிடைக்கும் கால்மிதிகள் பலவற்றில் நாரானது பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் தகட்டிற் பதிக்கப்பட்டிருக்கும். அத்தகட்டின்மேற் கதிர் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சுவாயு எழும். அஃது ஈரத்தோடு கலந்து அமிலமாகி, நுரையீரலையும் இயந்திரத்தின் இரும்பையும் ஒருங்கே அரிக்கும். வேதியியல் பயிலும் எம் விடுதி நண்பர் ஒருவர் தொலைபேசி வாயிலாக இதனை எச்சரித்து, ஒரு சோதனையுங் கூறினார். அவர் சொற்படி செப்புக் கம்பியொன்றைப் பழுக்கக் காய்ச்சி, வாங்கி வைத்திருந்த கால்மிதியின் அடித்தகட்டிலே தொட்டு, மீண்டும் சுடரிற் காட்டினோம். சுடர் பச்சையாயிற்று, குளோரின் கலந்திருந்தால் அங்ஙனம் ஆகுமாம். அக்கால்மிதிகள் அனைத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிளாஸ்டிக் சேராது கயிற்றிலேயே தும்பு கோத்து நெய்தவற்றைத் தேடி வாங்கினோம். விலை கூடிற்று, ஆதாயம் குறைந்தது. ஆயினும் அச்சமின்றி மூச்சு விட்டோம்.

மூன்றாவது இடையூறு எம் பாடத்தைச் சேர்ந்தது. தும்பின் பரப்பு காகிதம்போல் ஒரு சீரானதன்று. மெல்லிய கோடுகள் தும்புகளுக்கிடையே மறைந்துபோயின. மெய்யெழுத்தின் புள்ளிகளோ முற்றிலும் தொலைந்துபோயின. மெய் புள்ளி பெற்று நிற்கும் என்பது தொல்காப்பியம் கூறும் விதி. எனினும், எழுத்தாணியாற் புள்ளி குத்தினால் ஓலை கிழியுமென்று ஏடெழுதுவோர் அதனை விட்டுவிட்டதையும், பிற்காலத்தில் அவ்வேடுகளைப் படிக்கப் புகுந்தோர் இடர்ப்பட்டதையும் வகுப்பிற் கேட்டிருக்கிறோம். ஓலைக்கு நேர்ந்த குறை நாருக்கும் நேர்ந்தது கண்டு வியந்தோம். இறுதியில் எழுத்தின் கோடுகளை விரற்பருமனாக்கி, புள்ளிகளைப் புளியங்கொட்டை அளவில் வரைந்து, கதிரை மென்மையாக இருமுறை ஓட்டினோம். அதன்பின்னரே பெயர் பெயராகத் தெரிந்தது.

கால்மிதிகள் 25-ம் குறித்த நாளில் முடிந்தன. கைப்பொருளும் வந்தது. எஞ்சியிருந்த கால்மிதியொன்றிலே, மகிழ்ச்சி மிகுதியால், எம் பாட்டியாரின் பெயரைப் பொறித்தோம். அதற்கு ஒரு காரணம் உண்டு. பாட்டியார் எழுத்தறியாது வளர்ந்தவர். தொண்ணூறுகளில் அறிவொளி இயக்க வகுப்பு எம் ஊரில் நடந்தபோது அவருக்கு வயது நாற்பதாம். பகலெல்லாம் கதம்பை அடித்துவிட்டு, இரவில் விளக்கடியிலமர்ந்து தம் பெயரை எழுதப் பழகினாராம். அப்பெயரில் மூன்று மெய்யெழுத்துக்கள் உள. “ஒரு புள்ளி விட்டாலும் அந்த டீச்சர் விடமாட்டாள்” என்று இன்றும் சொல்லிச் சிரிப்பார். தும்போடு வாழ்ந்தவரின் பெயரைத் தும்பிலேயே எழுதுவது அவருக்குப் பெருமை என்று எண்ணினோம். மூன்று புள்ளிகளும் தெளிவாய் விழும்படி பொறித்து, இரவோடிரவாக எம் வீட்டு முன்வாயிலில் விரித்து வைத்தோம்.

மறுநாட் காலையிற் பாட்டியார் அதனைக் குனிந்து நோக்கினார், விரலால் எழுத்துக்களைத் தடவினார், ஒன்றுங் கூறவில்லை. மகிழ்ச்சியால் நாவெழவில்லை போலுமென்று யாமே முடிவு செய்துகொண்டு கடைக்குப் புறப்பட்டோம். மூன்று நாட்கள் கழிந்தன. நான்காம் நாள் வீட்டிலிருந்தபோதுதான் ஒன்று கண்ணிற் பட்டது. பாட்டியார் முன்வாயிலில் நுழையவில்லை. கிணற்றடிக்கும் தோட்டத்திற்கும் செல்வதாயினும், கோவிலுக்குப் போய்வருவதாயினும், வீட்டைச் சுற்றிக்கொண்டு புறவாயில் வழியாகவே நடந்தார். முழங்கால் வலியால் வருந்துபவர் அவர்.

அது மட்டுமன்று. கரிந்த பொடியை யாம் நன்கு தட்டித் துடையாது விட்டமையால், வீட்டார் அதனை மிதித்து உள்ளே வரவரக் கூடமெங்கும் கருமையான காற்சுவடுகள் படிந்திருந்தன. பாட்டியார் ஈரத்துணியால் அவற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பது தம் பெயரின் கரியை என்பதை அவர் அறிவார். யாமோ அதுவரை அறிந்திலோம்.

“பாட்டி, முன்வாசலில் வராமல் ஏன் சுற்றி நடக்கிறீர்கள்?” என்று வினவினோம்.

அவர் உடனே விடை கூறவில்லை. துணியைப் பிழிந்து வைத்துவிட்டு, “மக்களே, அந்தத் தும்பிலே என் கை தேய்ந்தது. அது வயிற்றுக்காக. பேரும் தேயவேணுமா?” என்றார்.

சினந்து சொல்லியிருந்தால் யாம் ஏதேனும் சமாதானம் கூறியிருப்போம். அவர் மெதுவாகக் கேட்டார். எமக்கு மறுமொழி தோன்றவில்லை. கால்மிதியைச் சுருட்டி எடுத்துக் கட்டிலடியில் வைத்தோம்.

அதன்பின் கடைக்குச் செல்வதே எமக்குச் சுமையாயிற்று. புதுமனை விருந்திற் கால்மிதி பெற்றவர்கள் வாயிலாகச் செய்தி பரவி, மேலும் பலர் வந்தனர். தந்தை பெயர், குழந்தை பெயர், மணமக்கள் பெயர் எனக் கேட்டனர். விடுதிக் கட்டணத்திற்கு இன்னும் பாதித் தொகை தேவைப்பட்டது. ஒருநாள், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்து தம் பெயர் பொறித்த கால்மிதி வேண்டுமென்றார். “ஐயா, பெயர் மிதிபடுமே” என்றோம். அவர் சிரித்து, “படட்டும் தம்பி. என் வீட்டிற்கு வருகிறவர்கள் காலின் தூசி என் பெயரிற் படிவது எனக்கு இழிவா? ஒருவரும் வராமற் போனாலல்லவா இழிவு!” என்றார்.

அவ்விடை எம் நெஞ்சிற்கு மருந்துபோலிருந்தது. யாம் செய்தது பிழையன்று என்பதற்குச் சான்று கிடைத்ததாகவே கருதி, மாலையில் வீடு திரும்பியதும் பாட்டியாரிடம் அதனை அப்படியே கூறினோம். அவர் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். “நல்ல மனுஷன். அவர் சொன்னது சரிதான் மக்களே. அவர் பேரை அவர் வைக்கிறார். என் பேரை நீயல்லவா வைத்தாய்?” என்றார்.

யாம் எந்நூலிலும் இவ்வளவு தெளிவாக இதனைக் கற்றதில்லை. தன் பெயரைத் தானே வாயிலில் இட்டு, வருவோர் காலுக்குக் கொடுப்பது பணிவு. பிறர் பெயரை எடுத்து அங்ஙனம் இடுவது, அன்பினாற் செய்யினும், அவரைத் தாழ்த்துவதாகவே முடியும். சீடர்களின் கால்களைக் கழுவிய பெருமான் சீலையைத் தாமே எடுத்துத் தம் அரையிற் கட்டிக்கொண்டார். பிறர் அரையிற் கட்டி அவர்களைக் குனியச் செய்தாரல்லர். சிறுவயது முதல் கேட்ட அவ்வரலாற்றின் பொருள் ஒரு கால்மிதியைக் கொண்டு எமக்கு விளங்கிற்று.

மறுநாள், கட்டிலடியிலிருந்த கால்மிதியை என் செய்வது என்று பாட்டியாரையே கேட்டோம். எரித்துவிட அவர் இசையவில்லை. “நல்ல தும்பு, வீணாக்கலாமா?” என்றார். லேசர் எழுத்து நாரின் நுனியில் மட்டுமே நிற்பது. அதனை யாம் சொல்லுமுன்னரே அவர் விரலால் அறிந்திருந்தார். கத்தரிக்கோலைக் கொண்டுவரச் சொல்லி, திண்ணையிலமர்ந்து, தும்பின் நுனியை நெல்லளவு நெல்லளவாகத் தாமே கத்தரித்தார். முற்பகல் முழுதும் அவ்வேலை நடந்தது. எழுத்துக்கள் மறைந்தன, புள்ளிகள் மூன்றும் கடைசியில் மறைந்தன. பின்னர் அதனை உதறி முன்வாயிலில் இட்டு, அதன்மேல் நின்று காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

அவர் பெயர் இப்போது பலாப்பலகையொன்றிற் பொறிக்கப்பட்டுக் கதவருகே கண்மட்டத்திற்கு மேலே தொங்குகின்றது. இம்முறை அவரைக் கேட்டே செய்தோம். பலகையை மாட்டிய அன்று அவர் அண்ணாந்து நோக்கிப் புள்ளிகளை எண்ணிச் சரிபார்த்துக்கொண்டார்.

விடுதிக் கட்டணமும் செலுத்தியாயிற்று. கால்மிதி வேலை மாமன் கடையில் இன்றும் நடைபெறுகின்றது. ஆனால், வருவோர் ஒரு பெயரை எழுதிக் கொடுத்தால், “இது யார் பெயர்?” என்று கேட்பதோடு, “அவரைக் கேட்டீர்களா?” என்றும் மாமன் கேட்கிறார். சிலர் சினந்து வேறு கடைக்குப் போய்விடுகின்றனர். சிலர் சற்று நின்று, கேட்டுவிட்டு வருகிறோம் என்று வீட்டிற்குத் திரும்புகின்றனர்.